முகூர்த்த சீசனில் ஆயிரக்கணக்கான பிரிண்ட்: ஆட்டோ கரெக்‌ஷனை எங்கே விடுவது, எங்கே கட்டிப்போடுவது

தை, ஆவணி என்று முகூர்த்தம் நெருக்கியடிக்கும் மாதங்களில் ஒரு நடுத்தரக் கலர் லேபுக்கு ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் படங்கள் வந்து விழும். ஒவ்வொன்றையும் ஒருவர் திறந்து பார்த்து, டென்சிட்டி (பிரிண்டின் அடர்த்தி) ஏற்றி இறக்கி, மஞ்சளைக் குறைத்து அனுப்பிக்கொண்டிருக்க முடியாது, வெளிச்சத்தையும் நிறத்தையும் மென்பொருளே தானாகத் திருத்தும் ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டும்தான். ஆனால் மென்பொருளில் இருக்கிற ஆட்டோவை அப்படியே திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பது ஆல்பம் வேலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். பொண்ணு முகம் ஒரு பக்கத்தில் வெளுத்திருக்கும், அடுத்த பக்கத்தில் கறுத்திருக்கும், அதே கூரைப்புடவை ஒரு ஷீட்டில் அரக்கு, இன்னொரு ஷீட்டில் ஆரஞ்சு. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு படமும் பரவாயில்லை என்றே தோன்றும், ஆல்பமாக விரித்தால்தான் குட்டு வெளிப்படும்.

பெரிய எண்ணிக்கையில் அச்சடிக்கும்போது ஆட்டோவிடம் நாம் கேட்க வேண்டியது சீர்மை. அழகு அதற்கு அப்புறம். அந்தச் சீர்மை படத்தில் தொடங்குவதில்லை, மெஷினில் தொடங்குகிறது. அதனால் அங்கிருந்தே போகலாம்.

முதலில் மெஷின்

இன்னும் நிறைய லேப்களில் ஓடுவது கெமிக்கலில் கழுவும் சில்வர் ஹாலைடு பேப்பர்தான். அதில் எவ்வளவு பேப்பர் ஓடுகிறதோ அந்த அளவுக்குத்தான் புது டெவலப்பர் உள்ளே போகும். முகூர்த்த மாதத்தில் பேப்பர் தொடர்ந்து ஓடுவதால் டேங்க் தானாகவே புதுசாக இருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் வேலை குறையும், பேப்பர் ஓடாது, டெவலப்பர் காற்றோடு சேர்ந்து ஆக்ஸிடைஸ் ஆகும், தண்ணீர் ஆவியாகிக் கரைசல் கெட்டியாகும். சீசன் தொடங்கும் முதல் வாரத்தில் "கலர் சரியில்லையே" என்று வரும் பேச்சுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆட்டோ கரெக்‌ஷனைக் குறை சொல்வதற்கு முன்னால் கன்ட்ரோல் ஸ்ட்ரிப்பை (கெமிக்கலைச் சோதிக்கும் மாதிரித் துண்டு) ஓட்டி டென்சிட்டோமீட்டரில் (அடர்த்தி அளக்கும் கருவி) படித்துவிடுங்கள். தினமும் காலையில் மெஷின் சூடேறியதும் முதல் வேலை அதுவாக இருக்கட்டும். படித்த எண்களை ஒரு தாளில் வரிசையாகக் குறித்து வந்தால், எந்தப் பக்கம் சாய்கிறது என்பது பிரிண்டில் கண்ணுக்குத் தெரிவதற்குப் பல நாள் முன்பே தெரிந்துவிடும்.

கெமிஸ்ட்ரி சாய்ந்திருக்கும்போது பேப்பர் கேலிப்ரேஷனை ஓட்டிச் சரிக்கட்டப் பார்ப்பது நிறையப் பேர் செய்வது. எக்ஸ்போஷரை மாற்றி நடு டோனை மெஷின் சரிசெய்துவிடும், சாம்பல் சாம்பலாகவே தெரியும். ஆனால் அடிக் கறுப்பும் வெள்ளையின் ஓரமும் அதில் சரியாகாது. நிழலில் ஒரு நிறம், ஹைலைட்டில் எதிர் நிறம் என்று வந்தால் எந்தத் திருத்தக் கீயை அழுத்தினாலும் தீராது. கெமிக்கலை முதலில் சரிசெய்துவிட்டுத்தான் கேலிப்ரேஷன்.

இங்க்ஜெட் டிரை லேப் வைத்திருப்பவர்களுக்கு கெமிக்கல் தொல்லை இல்லை, காலையில் நாசில் செக் (மை வரும் துளைகள் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது), அறையின் ஈரப்பதம், இந்த இரண்டும் போதும். ஏசியை இரவு நிறுத்திக் காலையில் போடும் அறையில் முதல் ஒரு மணி நேரத்துப் பிரிண்டை நம்பாதீர்கள். டை-சப்ளிமேஷன் மெஷினில் ரிப்பனும் பேப்பரும் ஜோடியாகவே வரும், அந்த ஜோடியைப் பிரித்து வேறு பெட்டியோடு கலக்க வேண்டாம்.

கேலிப்ரேஷன், ப்ரொஃபைல் இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் உண்டு. மெஷினைத் தெரிந்த ஒரு நிலைக்குத் திரும்பக் கொண்டுவருவது கேலிப்ரேஷன், அதைத் தினமும், பேப்பர் ரோலின் எமல்ஷன் நம்பர் (தயாரிப்புத் தொகுதி எண்) மாறும்போதும் செய்ய வேண்டும். அந்த நிலையில் எந்த எண் கொடுத்தால் எந்த நிறம் வருகிறது என்று அளந்து எழுதி வைத்த ஃபைல்தான் ஐசிசி ப்ரொஃபைல். அது ஒவ்வொரு பேப்பர் வகைக்கும் ஒன்று, சீசனுக்கு ஒரு முறை புதுப்பித்தால் போதும். கேலிப்ரேஷன் இல்லாத மெஷினுக்கு எடுத்த ப்ரொஃபைல் மறுநாளே பொய்யாகிவிடும்.

ப்ரொஃபைல் எடுக்கக் காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்தான் வேண்டும் என்று இல்லை. ஆர்கில் சிஎம்எஸ் இலவசம், நன்றாகவும் செய்கிறது, அதிலுள்ள டார்ஜென் என்ற கட்டளையில் நிறக் கட்டங்களை உருவாக்கி, பிரிண்ட்டார்கில் சார்ட்டாக்கி, அச்சடித்து, சார்ட்ரீடில் படித்து, கால்ப்ராஃபில் ப்ரொஃபைலாக்கலாம். நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோ மீட்டர் ஒன்று மட்டும் தேவை, சொந்தமாக இல்லாவிட்டால் இரண்டு மூன்று லேப்கள் சேர்ந்து வாங்கிச் சுற்றில் விடலாம். 900 கட்டங்கள் அளவில் போனால் நல்ல ப்ரொஃபைல் கிடைக்கும். சார்ட்டை அச்சடிக்கும்போது மட்டும் மிகக் கவனம்: மெஷினின் ஆட்டோ கரெக்‌ஷன், ஷார்ப்பனிங், கலர் மேனேஜ்மென்ட் எல்லாமே அணைந்திருக்க வேண்டும். ஒன்று ஓடிக்கொண்டிருந்தாலும் மெஷின் அந்தக் கட்டங்களையும் படமாக நினைத்துத் "திருத்திவிடும்", நீங்கள் அளப்பது பேப்பரை அல்ல, அந்தத் திருத்தத்தை. அணைந்ததா என்று தெரிந்துகொள்ள, ஒரே சாம்பல் கட்டத்தை முழுக் கறுப்புப் பின்னணியில் ஒன்று, முழு வெள்ளைப் பின்னணியில் ஒன்று என்று அடித்து மீட்டரில் வையுங்கள். இரண்டும் ஒரே எண் வந்தால் அணைந்திருக்கிறது.

இங்க்ஜெட் என்றால் சார்ட்டை ஒரு நாள் காயவிட்டு அளக்கவும். மெட்டாலிக் பேப்பரில் மீட்டர் கொஞ்சம் ஏமாற்றும், அதன் மினுமினுப்பு பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப மாறுவதால் எண்ணும் கண்ணும் ஒத்துப்போகாது. அங்கே ப்ரொஃபைல் எடுத்தபின் டென்சிட்டியைக் கண்ணால் பார்த்து இறுதி செய்யுங்கள். எடுத்த ப்ரொஃபைலைச் சரிபார்க்க, சார்ட்டில் இல்லாத வேறு கட்டங்களை அதன் வழியாக அடித்து அளக்க வேண்டும். டெல்டா ஈ 2000 (இரண்டு நிறங்களுக்கு இடையேயான வித்தியாசத்தின் அளவு) கணக்கில் சராசரி 2-க்குள் வந்தால் நான் ஏற்றுக்கொள்வேன், சாம்பல் கட்டங்களில் மட்டும் இன்னும் கறாராக இருப்பேன், ஏனென்றால் சாம்பல் நகர்ந்தால் முகம் நகரும்.

உள்ளே வரும் ஃபைலை நம்பாதீர்கள்

எல்லாப் படமும் எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிறவெளியில் (எந்த எண் எந்த நிறம் என்ற வரையறை) இருக்கிறது என்று வைத்துக்கொண்டு அடிப்பதுதான் பெரும்பாலான லேப்களின் பழக்கம். பெரும்பகுதி அது சரியாகவே போய்விடும். மீதியில்தான் முகம் சாம்பல் பூத்து, சிவப்பு செத்துப்போய் வரும். கேமராவில் அடோபி ஆர்ஜிபி என்ற இன்னும் அகலமான நிறவெளி வைத்து எடுத்த படத்தை எஸ்ஆர்ஜிபியாகப் படித்தால் அப்படித்தான் இருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. கேமராவில் அடோபி ஆர்ஜிபி தேர்ந்தெடுத்திருந்தால் ஃபைல் பெயர் அடிக்கோட்டோடு தொடங்கும், படத்தோடு கேமரா பதிக்கும் எக்ஸிஃப் தகவலில் இன்டர்ஆப் என்ற இடத்தில் ஆர்03 என்று இருக்கும். ப்ரொஃபைல் உள்ளே பதிந்திருக்காவிட்டாலும் இந்த இரண்டையும் எக்ஸிஃப்டூலால் படித்து ஒரு ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) தானாகவே முடிவெடுக்கலாம்.

ஐபோன் படங்கள் 2016-இல் வந்த ஐபோன் 7 முதல் டிஸ்ப்ளே பி3 என்ற அகலமான நிறவெளியில் வருகின்றன. ப்ரொஃபைல் உள்ளே இருக்கும், அதைத் தூக்கி எறியாமல் மதித்துக் கன்வெர்ட் செய்தாலே போதும். "ஃபைல் அளவைக் குறைக்கிறேன்" என்று மெட்டாடேட்டாவை முழுசாக உருவிவிடும் டூல்களை இந்த இடத்தில் ஓட்டவே கூடாது. எந்தத் தகவலும் இல்லாமல் வருகிற படத்தை மட்டும் எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொள்ளலாம், வாட்ஸ்அப்பில் வந்தவை பெரும்பாலும் இந்த வகைதான்.

படம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்லும் ஓரியன்டேஷன் டேக்கை இப்போதே படத்தில் திருப்பிப் பதித்து, டேக்கை 1 ஆக்கிவிடுங்கள். பின்னால் இரண்டு மென்பொருள் தனித்தனியாகத் திருப்பினால் மாப்பிள்ளை படுத்துக் கிடப்பார். ஐபோன் தரும் ஹெச்இஐசி ஃபைலை 8 பிட் ஜேபெக்காக மாற்ற வேண்டாம், வேலை முடியும்வரை 16 பிட் டிஃப்பாகவே வைத்திருங்கள். டிஸ்க் நிறையும்தான், ஆனால் திருத்தம் எல்லாம் முடிந்து கடைசியில் ஒரே முறை 8 பிட்டுக்கு இறங்கினால்தான் வானத்திலும் ஸ்டேஜ் பின்னணியிலும் பட்டை பட்டையாக விழாது.

அப்புறம், படங்களைப் பாதை பிரிக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் மற்ற எதுவும் பலன் தராது. ஆல்பம் டிசைனர் போட்டோஷாப்பில் உட்கார்ந்து முகம் முகமாகச் சரிசெய்து அனுப்பிய ஷீட்டை லேபின் ஆட்டோ மறுபடி திருத்துவதுதான் இந்தத் தொழிலில் அதிகம் நடக்கிற நாசம். டிசைனர் ஷீட்டை அடையாளம் காண்பது கஷ்டமில்லை: அளவு துல்லியமாக ஆல்பம் அளவாக இருக்கும், 12க்கு 36 அங்குல ஷீட் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 3600க்கு 10800 பிக்சல், மென்பொருள் டேக்கில் போட்டோஷாப் பெயரும் இருக்கும். அந்தப் படங்கள் "கைவைக்காதே" என்ற ஹாட் ஃபோல்டருக்குப் (உள்ளே போட்ட ஃபைல் தானாக அடுத்த வேலைக்குப் போகும் ஃபோல்டர்) போகட்டும், அங்கே ப்ரொஃபைல் கன்வெர்ஷன் மட்டும்தான். கேமராவில் இருந்து நேராக வந்தவை இரண்டாவது ஃபோல்டர். விருந்தினர் செல்போனில் எடுத்தவை மூன்றாவது. போன் ஏற்கெனவே உள்ளுக்குள் ஏகப்பட்ட திருத்தம் செய்துதான் படத்தைத் தருகிறது, அதற்கு நம் ஆட்டோ மிகக் குறைவாகவே வேண்டும்.

படத்தைத் தனியாகத் திருத்தாதீர்கள், காட்சியைத் திருத்துங்கள்

வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறத்தைச் சமன் செய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸின் அடிப்படை ஒரு பழைய யோசனை. ஒரு படத்தில் இருக்கிற எல்லா நிறத்தையும் கலந்தால் சாம்பல் வரும் என்று வைத்துக்கொண்டு, வராவிட்டால் வருகிற மாதிரி திருத்துவது. கோடாக்கில் இருந்த ரால்ஃப் எவன்ஸ் இதற்கு 1951-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார், ஃபிலிம் பிரிண்டர்கள் எல்லாம் அதன்மேல்தான் ஓடின. இன்றைய மென்பொருள்கள் எவ்வளவோ தாண்டி வந்துவிட்டாலும் அந்த வாசனை இன்னும் இருக்கிறது. ஃபிரேம் முழுக்கச் சிவப்புக் கூரைப்புடவை நிறைந்திருந்தால் அது "சிவப்புக் காஸ்ட்" (வெளிச்சத்தால் படிந்த நிறச்சாயல்) என்று நினைத்து சயானை ஏற்றும், முகம் பச்சை தட்டும். ஃபிலிம் காலத்திலேயே இதற்கு சப்ஜெக்ட் ஃபெயிலியர் என்று பெயர் இருந்தது.

நலங்கு படங்களில் இது இன்னும் மோசமாகத் தெரியும். முகத்திலும் கையிலும் மஞ்சள், பின்னால் சாமந்திப் பூ, பல சமயம் மஞ்சள் புடவையும். ஆட்டோ அந்த மஞ்சளை எல்லாம் வெளிச்சத்தின் குற்றம் என்று எடுத்துக்கொண்டு நீலத்தைக் கொட்டும். மஞ்சள் பூசிய கன்னம் சுண்ணாம்பு பூசியது மாதிரி ஆகும். அந்த மஞ்சளுக்காகத்தானே அந்தப் படத்தையே எடுத்தார்கள். ஹோமத்துக்குப் பக்கத்தில் நெருப்பு வெளிச்சம் விழுந்த முகமும் அப்படித்தான், அந்தக் கதகதப்பைக் கழுவிவிட்டால் படத்தில் ஒன்றும் மிஞ்சாது.

இதற்கு மருந்து, ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாகத் திருத்தம் கணக்கிடாமல் ஒரே காட்சியின் படங்களைக் கூட்டமாகச் சேர்த்துக் கணக்கிடுவது. கேமராவின் சீரியல் நம்பர், எடுத்த நேரம், ஃப்ளாஷ் அடித்ததா இல்லையா, ஐஎஸ்ஓ, இந்த நாலும் எக்ஸிஃபில் இருக்கும். ஒரே கேமரா, ஒரே மாதிரி ஃப்ளாஷ், நடுவில் சில நிமிஷத்துக்கு மேல் இடைவெளி இல்லை என்றால் ஒரே காட்சி. அந்தக் கூட்டத்தின் ஒவ்வொரு படத்துக்கும் ஆட்டோ சொல்கிற திருத்தத்தை எடுத்து, நடு மதிப்பை எல்லாவற்றுக்கும் ஒன்றாகப் போடுங்கள். முழுசாகப் போட வேண்டாம், பாதி அளவு போட்டாலே போதும். அதற்கு மேல் தனிப்படத்துக்கு எக்ஸ்போஷரில் மட்டும் சின்ன விலகல் அனுமதிக்கலாம், நிறத்தில் வேண்டாம். ஒரே மணவறையில் பக்கத்துப் பக்கத்துப் படங்கள் நிறத்தில் ஒன்றுக்கொன்று மாறாமல் இருந்தாலே ஆல்பத்தின் பாதிக் குறை போய்விடும்.

இரண்டு மூன்று கேமராமேன்கள் எடுத்த கல்யாணம் என்றால் கேமராக்களின் கடிகாரம் ஒன்றுக்கொன்று முன்பின்னாக இருக்கும். வேலை தொடங்கும்போது எல்லோரும் ஒரே போனின் கடிகாரத்தை ஒரு படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், அதை வைத்து எக்ஸிஃப்டூலில் நேரத்தை ஒரே கட்டளையில் நகர்த்திவிடலாம். கம்பெனி மாறினால் கேமராவின் நிறமும் மாறும், ஒரு கூட்டத்தில் இரண்டு கேமராவைச் சேர்த்துக் கணக்கிடாமல், தனித்தனியாகக் கணக்கிட்டு, பிறகு ஒன்றை மற்றொன்றுக்கு ஒத்தவாறு இழுப்பதுதான் ஒழுங்காக வரும்.

எந்த ஆட்டோவுக்கும் உச்சவரம்பு வைத்தே தீர வேண்டும். எக்ஸ்போஷரில் மூன்றில் ஒரு ஸ்டாப்புக்கு (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) மேல் திருத்தம் கேட்கிற படம் தானாக அச்சுக்குப் போகக் கூடாது, ஆள் பார்க்கும் வரிசைக்குப் போக வேண்டும். மினிலேபில் டி, சி, எம், ஒய் (டென்சிட்டி, சயான், மெஜந்தா, மஞ்சள்) கீ கணக்கில் வேலை செய்பவர்கள், உங்கள் மெஷினில் ஒரு கீ எவ்வளவு நகர்த்துகிறது என்று ஒரு நல்ல முகப்படத்தை எல்லாத் திசையிலும் ஒவ்வொரு கீயாக மாற்றி அடித்து, அதைச் சுவரில் ஒட்டி வையுங்கள். எது வரம்பு என்பது அதைப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். ஆட்டோ லெவல்ஸில் கறுப்பு, வெள்ளை இரண்டு முனையிலும் வெட்டும் அளவை 0.1 சதவீதத்துக்குக் கீழே வையுங்கள். நிறைய மென்பொருளில் அது இன்னும் அதிகமாகவே வரும், பட்டின் ஜரிகையும் மல்லிகையும் அங்கேதான் வெளுத்துப்போகின்றன. பகுதி பகுதியாக கான்ட்ராஸ்ட் ஏற்றும் ஃபில்டர்களைக் கல்யாணப் படத்தில் அணைத்தே வைத்திருப்பேன், மாநிறத் தோலில் அவை திட்டுத்திட்டாக விழும்.

முகம்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஃபிலிம் காலத்தில் லேப்கள் தங்கள் பிரிண்டரைச் சரிபார்க்கக் கோடாக்கிடமிருந்து ஒரு பெண்ணின் படம் உள்ள அட்டை வரும், முதலில் அதில் இருந்த மாடலின் பெயரால் அதற்கு ஷெர்லி கார்டு என்றே பேர். பல பத்தாண்டுகள் அந்த அட்டையில் இருந்தது வெள்ளைத் தோல் மட்டும்தான். அவர் முகம் சரியாக வந்தால் மெஷின் சரி என்று உலகம் முழுக்க லேப்கள் முடிவு செய்தன. பல நிறத்தவரும் சேர்ந்திருக்கும் அட்டை 1990-களின் நடுவில்தான் வந்தது. இன்றைய ஆட்டோ மென்பொருளை எந்தப் படங்களை வைத்துச் சரிபார்த்தார்கள் என்று நமக்குத் தெரிய வாய்ப்பில்லை. அதனால் நம்மூர் முகங்களை வைத்து நாமே ஒரு அட்டை தயாரித்துக்கொள்வதுதான் ஒரே வழி.

அதில் குறைந்தது மூன்று பேர் இருக்கட்டும், நல்ல கறுப்பு, மாநிறம், சிவப்பு நிறம் என்று. பக்கத்தில் அரக்குப் பட்டு, ராணி பிங்க், மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, கறுப்பு முடி, வெள்ளை வேட்டி, ஜரிகை, மல்லிகைச் சரம், ஒரு சாம்பல் படிக்கட்டு. மேகமூட்டமான பகலில் திறந்த நிழலில் ஒரே முறை கவனமாக எடுங்கள், அவர்களிடம் அனுமதி கேட்டு. இனி எந்த மென்பொருளை வாங்கினாலும், எந்த அப்டேட் வந்தாலும், முதலில் ஓட வேண்டியது இந்தப் படம்தான். ஏற்கெனவே சரியாக இருக்கிற இந்தப் படத்தை ஆட்டோ எவ்வளவு மாற்றுகிறது என்று பாருங்கள். நிறைய மாற்றினால் அந்த ஆட்டோவின் பலத்தைக் குறைக்க வேண்டும்.

முகத்தைக் கண்டுபிடித்து வெளிச்சத்தைச் சரிசெய்யும் ஆட்டோக்களில் ஒரு பெரிய சிக்கல், அவை எல்லா முகத்தையும் ஒரே வெளிச்ச அளவுக்கு இழுக்கப் பார்ப்பது. மாப்பிள்ளை கறுப்பு என்றால் அவர் மட்டும் இருக்கும் படத்தில் அவரை வெளுக்கவைக்கும், இருவரும் சேர்ந்திருக்கும் படத்தில் அப்படியே விடும். இதைத் தடுக்க நம்மிடம் ஒரு நல்ல சாட்சி இருக்கிறது, வேட்டி. படத்தில் நிறம் குறைந்த, வெளிச்சம் கூடிய ஒரு பரப்பு 0 முதல் 255 வரையான அளவில் 235 முதல் 245 வரை ஏற்கெனவே நிற்கிறது என்றால் எக்ஸ்போஷர் சரியாகத்தான் இருக்கிறது, முகம் இருட்டாக இருப்பது அவர் நிறம். தொடாதீர்கள். வேட்டியும் 180-க்குக் கீழே சாம்பலாகக் கிடக்கிறது, முகமும் இருட்டு என்றால் அது உண்மையில் அண்டர் எக்ஸ்போஷர், அப்போது ஏற்றுங்கள். இந்த ஒரு நிபந்தனையை ஸ்கிரிப்டில் சேர்த்தாலே முகம் வெளுக்கும் புகார் பெருமளவு குறையும்.

ஆனால் அதே வேட்டியை ஒயிட் பேலன்ஸுக்கு நம்பாதீர்கள். புது வேட்டியில் பளிச்சென்று தெரிய ஆப்டிகல் பிரைட்டனர் இருக்கும், பழசு என்றால் சொட்டு நீலம் போட்டு அலசியிருப்பார்கள். இரண்டிலும் அது கேமராவுக்கு லேசான நீலமாகத் தெரியும். அதை வெள்ளை என்று வைத்துச் சமன் செய்தால் முகமெல்லாம் மஞ்சள் தூக்கும்.

தோல் நிறம் சரியா என்று எண்ணில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, முகத்தின் கன்னப் பகுதியை எல்ஏபி எண்களாக (எல் வெளிச்சம், ஏ பச்சை-சிவப்பு, பி நீலம்-மஞ்சள்) மாற்றிப் பாருங்கள். நடுநிலை வெளிச்சத்தில் நம் தோலில் பொதுவாக பி எண் ஏ எண்ணைவிடக் கூடுதலாக இருக்கும். ஏ மேலே போனால் முகம் சிவந்து வெந்த மாதிரி இருக்கும், பி மிக அதிகமானால் மஞ்சள் காமாலை. எல் எண்ணுக்கு ஒரே இலக்கு வைக்காமல் அகலமான ஒரு வரம்பு மட்டும் வையுங்கள். தோலை வழவழப்பாக்குவது, வெளுப்பாக்குவது என்று இருக்கும் எல்லா வசதியையும் அணைத்துவிடுங்கள். யாராவது கேட்டால் அவர்கள் படத்துக்கு மட்டும் கையால் செய்து கொடுக்கலாம், மொத்தக் கல்யாணத்துக்கும் தானாகச் செய்யும் உரிமை லேபுக்குக் கிடையாது.

சிவப்புப் பட்டும் பேப்பரின் எல்லையும்

பளீரென்ற சிவப்பு, ராணி பிங்க், ரிசப்ஷன் மேடையின் எல்இடி நீலமும் ஊதாவும், இவையெல்லாம் பேப்பரால் தர முடிகிற நிறங்களுக்கு வெளியே இருப்பவை. கூரைப்புடவை மடிப்பே தெரியாமல் ஒரே சிவப்புத் தகடாக வருவது, கேமராவிலேயே சிவப்புச் சேனல் 255-இல் முட்டி, பச்சையும் நீலமும் அடியில் கிடப்பதால். டென்சிட்டியைக் கூட்டினால் புடவை கறுக்கும், மடிப்பு வராது. சிவப்புச் சேனல் முட்டிய பரப்பு முகூர்த்தப் படத்தில் பெரிதாக இருந்தால், சிவப்புகளின் சாச்சுரேஷனை மட்டும் 8, 10 சதவீதம் இறக்க ஸ்கிரிப்டிடம் சொல்லுங்கள், மற்ற இரண்டு சேனலில் மிச்சமிருக்கும் விவரம் மேலே வந்து மடிப்பும் புட்டாவும் தெரியத் தொடங்கும்.

ப்ரொஃபைல் கன்வெர்ஷனில் கேமராப் படங்களுக்கு பெர்செப்சுவல் (எல்லா நிறத்தையும் சேர்த்துச் சுருக்குவது), டிசைனர் ஷீட்டுக்கு பிளாக் பாயின்ட் காம்பென்சேஷனோடு (கறுப்பைக் கறுப்போடு பொருத்துவது) ரிலேட்டிவ் (பேப்பரின் எல்லைக்கு வெளியே உள்ள நிறங்களை மட்டும் உள்ளே இழுப்பது) என்பது என் வழக்கம். ஆனால் பெர்செப்சுவல் எப்படி நடந்துகொள்ளும் என்பது ப்ரொஃபைல் எடுத்த மென்பொருளுக்கு மென்பொருள் மாறும், அதனால் உங்கள் அட்டையை இரண்டு விதமாகவும் அடித்துப் பார்த்து முடிவெடுங்கள். மயில்கழுத்து நிறப் புடவையை மட்டும் துரத்தாதீர்கள். ஊடும் பாவும் வேறு வேறு நிறம், பார்க்கும் கோணத்துக்கு ஒரு நிறம், அதை எந்தப் பேப்பரும் தராது என்று வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

அச்சுக்குப் போகும் முன்

வரிசை முக்கியம்: திருத்தம், பிறகு அளவு மாற்றம், பிறகு ஷார்ப்பனிங், கடைசியில் ப்ரொஃபைல் கன்வெர்ஷனும் 8 பிட்டும். முன்னாலேயே ஷார்ப் செய்துவிட்டு அளவை மாற்றினால் செய்தது வீண். இமேஜ்மேஜிக் என்ற மென்பொருளே இந்த நாலையும் செய்யும், ப்ரொஃபைல் கன்வெர்ஷன் செய்யும் லிட்டில் சிஎம்எஸ் அதன் உள்ளே இருக்கிறது. கன்வெர்ட் செய்து முடித்த ஃபைலை மெஷின் மறுபடி கன்வெர்ட் செய்யாமல் இருக்க வேண்டும். உங்கள் மெஷின் என்ன செய்கிறது என்று தெரியாவிட்டால், ஒரே படத்தை ப்ரொஃபைல் பதித்து ஒன்று, பதிக்காமல் ஒன்று அடியுங்கள். இரண்டும் வேறு மாதிரி வந்தால் மெஷின் ப்ரொஃபைலைப் படிக்கிறது என்று அர்த்தம், எங்கே ஒரு தடவை மட்டும் கன்வெர்ட் செய்வது என்று அப்போது முடிவெடுத்துக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படம் பெரும்பாலும் நீளவாக்கில் 1600 பிக்சல்தான் இருக்கும். 4க்கு 6 அளவுக்குத் தாங்கும், 8க்கு 12 கேட்டால் 133 டிபிஐதான். 150-க்குக் கீழே போகிற எல்லாவற்றையும் ஸ்கிரிப்ட் தனியே எடுத்து வைக்கட்டும், வாடிக்கையாளரிடம் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்குவதுதான் நல்லது. ஏஐ வைத்துப் பெரிதாக்கும் மென்பொருளைத் தானாக ஓடவிடாதீர்கள். அது இல்லாத விவரத்தைக் கற்பனை செய்து நிரப்புகிறது, இலைக்கும் சுவருக்கும் பரவாயில்லை, முகத்தில் அது வேறொருவராகிவிடும். இறந்துபோன தாத்தாவின் ஒரே படத்தைக் கொண்டு வருகிறவருக்குக் கண்ணும் மூக்கும் திருத்திய யாரோ ஒருவரின் முகத்தைச் சட்டம் போட்டுக் கொடுக்கக் கூடாது. அப்படிப்பட்ட படங்களை வீட்டுக்காரர் பார்த்து "சரி" சொன்னபிறகே அடிக்க வேண்டும்.

ஆள் பார்க்கும் வரிசையில் என்னென்ன வரும் என்பது இப்போது தெளிவாகியிருக்கும்: வரம்பைத் தாண்டிய திருத்தம், சிவப்பு முட்டிய படம், டிபிஐ போதாதது, ப்ரொஃபைல் குழப்பம், வேட்டி நிபந்தனையில் சிக்கியது. இவற்றைத் தனித்தனியாகத் திறக்காமல், ஒரே காட்சியின் படங்களோடு சேர்த்துக் கட்டம் கட்டமாக ஒரே திரையில் காட்டுங்கள். பக்கத்தில் சரியான படம் இருந்தால் கண் நொடியில் பிடித்துவிடும், தனியாக இருந்தால் எவ்வளவு அனுபவசாலிக்கும் தடுமாற்றம்தான்.

அந்தத் திரை கேலிப்ரேட் ஆகியிருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை, 80 முதல் 120 கேண்டெலா வெளிச்சம், டி65 வெள்ளை, காமா 2.2. "பிரிண்ட் இருட்டா வருது" என்ற புகாரில் பெரும்பகுதி திரையின் வெளிச்சத்தை முழுசாக ஏற்றி வைத்திருப்பதால் வருவது. பிரிண்டைப் பார்க்க 5000 கெல்வின், சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு) 90-க்கு மேல் உள்ள விளக்கு, சாம்பல் சுவர். ஐஎஸ்ஓ 3664 தரம் நுணுக்கமாக ஒப்பிடுவதற்கு 2000 லக்ஸ் சொல்கிறது, ஆனால் வாடிக்கையாளர் வீட்டு ஹாலில் அதில் கால்வாசி வெளிச்சம்கூட இருக்காது. அதனால் நிறத்தை அந்த விளக்கில் முடிவு செய்துவிட்டு, டென்சிட்டியைச் சாதாரணக் குழல்விளக்கின் கீழும் ஒரு தடவை பாருங்கள்.

உங்கள் அட்டையின் நல்ல பிரிண்ட் ஒன்றை உறையில் போட்டு இருட்டில் வைத்திருங்கள், தினமும் காலையில் ஒன்று, ரோல் மாற்றும்போது ஒன்று அடித்து அதோடு ஒப்பிடுங்கள். கண்ணோடு நிறுத்தாமல் சாம்பல் படிக்கட்டில் மூன்று கட்டத்தை மீட்டரிலும் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு ஆர்டருக்கும் அசல் ஃபைல், போட்ட திருத்தத்தின் எண்கள், ப்ரொஃபைலின் பெயர் தேதியோடு, பேப்பர் வகை, இந்த நாலையும் ஒரே ஃபோல்டரில் வைத்திருங்கள். வருஷம் கழித்து "அதே மாதிரி இன்னும் ரெண்டு ஷீட் வேணும்" என்று வருவார்கள். அச்சுக்குப் போன ஃபைலை அப்படியே மறுபடி அனுப்பினால் அன்றைய பேப்பருக்கான நிறம் இன்றைய பேப்பரில் விழுந்து வேறாகத்தான் வரும். அசலில் அதே திருத்தத்தைப் போட்டு, இன்றைய ப்ரொஃபைல் வழியாக அனுப்ப வேண்டும். புது ப்ரொஃபைல் எடுக்க மார்கழியின் கடைசி வாரம் தோதானது, டேங்கைச் சரிசெய்து, கன்ட்ரோல் ஸ்ட்ரிப் நேராக வந்ததும் எல்லாப் பேப்பருக்கும் சார்ட் அடித்துவிடுங்கள். தை முதல் முகூர்த்தம் வந்தபிறகு அதற்கு மெஷின் கிடைக்காது.